திரைக்காரியின் வலது தோள்

என் நாத்தனாரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லித் தேடி வருவதில்லை. திரைக்காரி வீடு எது என்றுதான் கேட்பார்கள். ஜன்னல் திரை தைப்பாள். தைத்ததைத் தானே போய் மாட்டியும் கொடுப்பாள். மாட்டுவதில்தான் அவளுக்குக் கொஞ்சம் திமிர். மடிப்பு ஒரே சீராக விழுகிறவரை ஏணியை விட்டு இறங்கமாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. முதலில் கையைப் பின்னால் கொண்டுபோய் ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை. பிறகு தலை வார முடியவில்லை. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அலறினாள்.

என் வீட்டுக்காரருக்குத் தங்கைப் பாசம் பொங்கிவிட்டது. மேல் தட்டில் இருந்த டப்பாக்களையெல்லாம் கீழே இறக்கினார். துணிக்கொடியை இடுப்பளவுக்குத் தாழ்த்தினார். "கையை அசைக்காதேம்மா, ஓய்வு குடுத்தா தானா சரியாயிடும்" என்று பழைய துண்டால் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியும் விட்டார். டப்பாவுக்காகக் குனிந்து குனிந்து என் இடுப்பு போனதுதான் மிச்சம்.

கை இன்னும் மோசமானது. அவளுக்கு வேலை கொடுக்கிற திரைக் கடைக்காரர் ஒருநாள் வந்து, "நீங்க தையலை மட்டும் பாருங்கம்மா. மாட்டறதுக்கு வேற ஆள் போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அன்று மிஷினில் உட்காரவே இல்லை.

"கிளம்பு, டாக்டர்கிட்ட போலாம்" என்றேன்.

"இன்னும் ரெண்டு நாள் தைலம் தேய்ச்சுப் பார்க்கறேன் அண்ணி."

"உன் தைல வாடைக்குப் பல்லியே வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. எந்திரி."

எலும்பு டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். தோள் உயரம்கூட வரவில்லை. அவரே பிடித்துத் தூக்கினார், அப்போதும் வரவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகவே இருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வருமாம், அதையும் சோதித்தார். இல்லை.

"மூட்டைச் சுத்தி இருக்கற சவ்வு இறுகிப்போச்சு. ஆமா, இந்தத் துண்டை யார் கட்டினது?"

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் மின்விசிறியை ஆராய்ந்தார்.

"கட்டி வெச்சா இன்னும்தான் இறுகும். வலி குறைய மூட்டுல ஒரு ஊசி போடறேன். ஆனா அசைக்க வேண்டியது நீங்க. மாசக்கணக்குல ஆகும்."

"திரும்பத் திரை மாட்டுவேனா டாக்டர்?"

"நிறைய பேருக்குச் சரியாயிடுது. முழுசா வரும்னு இன்னைக்கே சத்தியம் பண்ணமாட்டேன்."

பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுக் குனிந்து கையை ஊசலாட்டச் சொன்னாள். சுவரில் விரலை நடத்தி மேலே ஏற்றச் சொன்னாள். இழுக்கிறது தெரிந்தால் போதும், வலி சுரீரென்று ஏறினால் நிறுத்திவிட வேண்டும் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் போட்ட முதல் உத்தரவு: "அண்ணே, கொடியை மேல கட்டு."

தினமும் சுவரில் விரல் எட்டிய இடத்தில் தையல் சாக்பீஸால் கோடு போடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் நிற்பதைப் பார்த்தால் அண்ணனுக்குத் தாங்காது.

"இன்னைக்கு ஒருநாள் விட்டுடேன்."

"பாவம் பார்க்கறதா இருந்தா வெளிய போய்ப் பாரு."

சில வாரங்கள் கோடு நகரவே இல்லை. ஒருநாள் முந்தைய கோட்டுக்குக் கீழேயே விரல் நின்றுவிட்டது. சாக்பீஸை விட்டெறிந்தாள். பிறகு அவளே பொறுக்கி வந்து, கீழேயே கோடு போட்டாள். "பொய்க் கோடு போட்டு யாரை ஏமாத்தறது?" என்றாள்.

மாதங்கள் கழித்துக் கை தலைக்கு மேல் வந்தது. முழுசாக அல்ல. அன்றே கடைக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். கடை ஜன்னலில் புது ஆள் மாதிரிக்கு மாட்டியிருந்த திரையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது திரையா, துவைச்சுக் காயப்போட்டதா?"

ஏணியில் ஏறினாள். கம்பிக்குச் சற்றுக் கீழேயே கை நின்றது. கடைக்காரர் தொண்டையைச் செருமினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏணியில் இன்னொரு படி ஏறி, துணியைக் கழற்றி முதலிலிருந்து மாட்டினாள். மடிப்பு நூல் பிடித்த மாதிரி விழுந்தது.

"சரிம்மா, சின்ன ஜன்னலெல்லாம் நீங்க எடுத்துக்குங்க. பெரிய கூடத்து ஜன்னல் இப்போதைக்கு அவனே மாட்டட்டும்."

"இப்போதைக்குத்தானே?" என்றாள் அவள், ஏணியிலிருந்து இறங்காமலே.

"இப்போதைக்குத்தாம்மா."

அதற்குப் பிறகுதான் இறங்கினாள்.