எல்லோரும் வலப்பக்கம்

தெருவில் அவருக்கு வைத்த பெயர் கேள்வி. சலவை இயந்திரம் பழுதுபார்ப்பது தொழில். ஆனால் பழுதைச் சரிசெய்துவிட்டுப் பேசாமல் வருகிற ஆள் இல்லை. இந்தப் பித்தான் எப்படி உள்ளே போனது, யாருடையது, அந்தச் சட்டை இப்போது எங்கே என்று வீட்டுக்காரர்களைத் துளைத்தெடுத்துவிட்டுத்தான் பையை மூடுவார். இணையம் கைக்கு வந்த பிறகு கேட்கவே வேண்டாம். எறும்பு தூங்குமா, கொட்டாவி ஏன் தொற்றுகிறது என்று எதைப் படித்தாலும் அந்த லிங்க்கை நாலு பேருக்கு அனுப்பாவிட்டால் சாப்பாடு இறங்காது.

முதலில் அரட்டைக் குழுவில் அனுப்பிக்கொண்டிருந்தார். காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் அவருடைய எறும்புகள் காணாமல் போயின. தேடிப் பிடித்து ஒரு செயலியைக் கொண்டுவந்தார். அதில் ஆளுக்கொரு பலகை. படித்த லிங்க்கை அங்கே போட்டுவைத்தால் நண்பர்கள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்; வேண்டாமென்றால் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மூன்று பேரின் போனில் இவரே அதை ஏற்றிக் கொடுத்தார். ஒருவர் கூடப் படித்த தையல்காரர். இன்னொருவர் முனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் அக்கா. மூன்றாவது ஆள் மனைவியின் அண்ணன். இவர் வேலை பார்க்கும் பட்டறையின் முதலாளியும் அவர்தான். மச்சான் என்பதால் சம்பளம் கூடுதல் இல்லை, திட்டு மட்டும் கூடுதல். மனைவியோ போனையே தர மறுத்துவிட்டாள். "எறும்பு தூங்கினா எனக்கென்ன, முழிச்சிருந்தா எனக்கென்ன?"

கொஞ்ச நாளாகக் கேள்விக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. சாயங்காலம் பட்டறை வாசலில் டீ குடிக்க உட்கார்ந்தால் எல்லோரும் அவருக்கு வலப்பக்கமே உட்கார்ந்தார்கள். சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று வலப்பக்கம் சுவர் வரும்படி நாற்காலியைப் போட்டார். தையல்காரர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொண்டார். தெருவில் கூட நடந்தால் மருந்துக்கடை அக்கா சுற்றிக்கொண்டு வந்து வலப்பக்கம் சேர்ந்துகொண்டார். மச்சான் ஒருநாள் இவருடைய வேலை மேசையையே திருப்பிப் போட்டார். கேட்டதற்கு, "வெளிச்சம் வரும் மாப்ள" என்றார். அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது. இதெல்லாம் போகட்டும். நாளுக்கு ஒரு தரமாவது "செவிடன் காதுல ஊதுன சங்கு" என்று இவரைச் சீண்டாவிட்டால் தூக்கம் வராத தையல்காரர், அந்தப் பழமொழியைச் சொல்வதையே விட்டுவிட்டார். ஒரு தடவை "செவி..." என்று ஆரம்பித்து, டீ புரையேறி இருமித் தீர்த்தார்.

வேறு விஷயமாக இருந்தால் கேள்வி எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டிருப்பார். இதில் வாயைத் திறக்கப் பயம். ஒரு வருடமாக அவருக்கு இடது காது மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டே வந்தது. இயந்திரத்தின் மேல் காதை வைத்துக் கேட்டே பழுதைச் சொல்கிறவர் அவர். காது போன ஆளுக்குப் பட்டறையில் என்ன வேலை என்று மச்சான் கேட்டுவிட்டால்? அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவியிடமும்தான். தனியாகப் படித்தார், படித்ததையெல்லாம் தனக்கு மட்டும் என்று பலகையில் சேர்த்துவைத்தார்.

ஒரு மதியம், யாரோ வீட்டு மாடியில் இயந்திரத்தைக் கழற்றிப் போட்டிருந்த நேரத்தில் போன் அதிர்ந்தது. 'இடது காதில் ஓயாத இரைச்சல்: காரணங்கள் – இதைத் தையல்காரர் விரும்பினார்.'

அடப்பாவி, காது இரைவதில் விரும்ப என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த கேள்வியில் அவருக்கு வியர்த்துவிட்டது. இதை அவன் எப்படிப் பார்த்தான்?

செயலியின் அமைப்புகளைத் திறந்தார். 'புதிதாகச் சேர்ப்பவை நண்பர்களுக்கும் தெரியட்டும்' என்ற வரிக்குப் பக்கத்தில் டிக் இருந்தது. மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக முதல் நாள் அவரே போட்டுக் காட்டியது. எடுக்க மறந்திருந்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். 'காது மந்தமாவதன் அறிகுறிகள்', 'ஒரு காதோடு வேலைக்குப் போகலாமா', 'வீட்டில் எப்படிச் சொல்வது' என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாக நினைத்து, ஒரு வருடமாகப் பந்தி பந்தியாகப் பரிமாறியிருக்கிறார்.

வேலையை முடித்துவிட்டு நேரே பட்டறைக்குப் போனார். தையல்காரர் முன்னாலேயே வந்து பம்மிக்கொண்டு நின்றார்.

"விரல் பட்டுடுச்சுடா. எப்படி எடுக்கறதுன்னு தெரியல."

கேள்வி மச்சானைப் பார்த்தார். "உங்களுக்கும் தெரியுமா மச்சான்?"

"தெரியும்."

"அப்ப என் வேலை?"

மச்சான் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "இந்த வருஷம் நீ சத்தத்தைக் கேட்டுச் சொன்னதுல ரெண்டு தப்பாப் போச்சு. நானே போய்ச் சரிபண்ணிட்டு வந்துட்டேன். பார்ட்ஸ் சரியில்லன்னு சொல்லிட்டேன். உன்னை வேலையை விட்டு அனுப்பவா இதெல்லாம் செஞ்சேன்?"

இத்தனை நாள் பயந்ததெல்லாம் வீண் என்று சந்தோஷப்படக்கூடக் கேள்விக்குத் தெரியவில்லை.

"அது கெடக்கட்டும்," என்றார் மச்சான். "எங்க மூணு பேருக்கும் தெரியும். என் தங்கச்சிக்குத்தான் தெரியாது. கூப்பிட்டாத் திரும்பக்கூட மாட்டேங்கறாரு, எம்மேல என்ன கோவம்னே தெரியலன்னு போன வாரம் எங்கிட்ட வந்து அழுதா. நீ சொல்லாம நான் சொல்லக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன்."

கேள்வி பையைக்கூட எடுக்காமல் கிளம்பினார்.

வீட்டில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இவர் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. இவர் பக்கத்தில் போய் நின்றார்.

"எனக்கு உம்மேல கோவமே இல்ல. இந்தக் காது கேக்கல. ஒரு வருஷமாச்சு."

அவள் குழாயை மூடினாள். அவர் முகத்தையும் காதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.