பிள்ளையின் கண்ணில் தெரிந்த வெள்ளை

கோழி முட்டைக்குள் கண் உருவாகும்போது, விழித்திரையாக மாறப்போகும் முன்னோடிக் கலங்களில், அதாவது உயிரணுக்களில், நரம்புச் செய்தியைக் கடத்தும் இரசாயனங்களுக்கான வாங்கிகள் நேரத்தோடே வந்துவிடுகின்றன. பார்வையும் இல்லை, நரம்புத் தொடுப்பும் இல்லை. ஆனாலும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் பட்டதும் கலத்துக்குள் கல்சியம் ஏறுகிறது. இன்னும் பெருகுவதா, நிறுத்துவதா என்பதில் அதற்கும் பங்கு உண்டு. இதைத்தான் வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேட்பவர்கள் மெச்சுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் பிற்பாதியில், வன்னியின் உடையார்கட்டில் உயர்தர உயிரியல் படித்தேன். வீட்டில் அப்போதே என்னை அரை டொக்டர் ஆக்கிவிட்டார்கள். போர்க்காலம், மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சில துளி எண்ணெயில் எரியும் விளக்குத்தான் எல்லா வீட்டிலும். ஒரு மாலை, இரண்டு வயது மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்த அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இவளின்ர இடக்கண்ணுக்குள்ள வெள்ளையா மின்னுது. ஒருக்காப் பார்."

பார்த்தேன். மின்னியது.

"விளக்குத் தெறிக்குது அக்கா. பயப்பிடாதேங்கோ."

படிக்கிற தம்பி சொன்னதை அக்கா நம்பினார். பகலில் வெள்ளை தெரியவில்லை. டோர்ச் அடித்துப் பார்க்கலாமென்றால், பற்றரி வன்னிக்குள் வர அரசாங்கத்தின் தடை. மாதங்கள் கழித்து அந்தக் கண் ஒருபக்கமாகத் திரும்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உடனே கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். வன்னியை விட்டுப் போகப் புலிகளின் பாஸ் வேண்டும், பாஸுக்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். அத்தான் பிணையாக அங்கேயே நின்றார். அக்கா தனியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், வவுனியாவில் இராணுவம் மறித்து வைத்த முகாமில் நாள்கணக்காகக் காத்துக்கிடந்தார்.

"ஏன் இவ்வளவு நாள் வைச்சிருந்தனீங்கள்?" என்று கொழும்பில் கேட்டார்களாம். விழித்திரையில் புற்று, நிற்க வேண்டிய கலங்கள் நிற்காமல் பெருகியிருந்தன. கண்ணையே எடுத்துவிட்டார்கள்.

பற்றரியைத் தடுத்தவர்கள் மீதும், பாஸை இழுத்தடித்தவர்கள் மீதும் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. ஆனால் அவர்களில் ஒருவரும் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. சொன்னது நான்.

போன வருடம் அக்காவின் மகள், என் மருமகள், தொலைபேசியில் கேட்டாள்.

"மாமா, உங்கட ஆராய்ச்சி எதைப் பற்றி?"

"கண்ணாகப் போற கலங்கள் எப்ப பெருகிறதை நிப்பாட்டும் எண்டதைப் பற்றி."



"என்ர கண்ணை முதல் பாத்தது நீங்கள்தானாம். அம்மா சொன்னவா."

"ஓம்," என்றேன்.

பிறகு அவள், அங்கே குளிரா என்று கேட்டாள்.