மணிவிழா மலரில் வராத பக்கம்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இன்று, ஆவணி வெயிலையும் பாராமல் வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கை என்ற முறையில் என் வணக்கம். இப்படிப்பட்ட மலர்களைச் சிவகாசி அச்சகங்களுக்கு எழுதிக் கொடுத்தவர் அண்ணன். பிறந்த ஊர், பட்ட கஷ்டம், செய்த தர்மம், கடைசி மூச்சு என்று வரிசையாகச் சொல்லி நன்றியில் முடிக்க வேண்டும். அந்த வரிசை எனக்கும் மனப்பாடம்தான். நடுவில் ஒரு சம்பவத்தை மட்டும் விட்டுவிடும்படி உறவினர்கள் சிலர் கேட்டுக்கொண்டார்கள். மன்னிக்க வேண்டும், விட முடியாது.

விருதுநகருக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்தில், மழை பொய்த்த வருஷத்தில் அண்ணன் பிறந்தார். அப்பா காலமானதும் படிப்பை விட்டுவிட்டுச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலைக்குச் சேர்ந்தார். சுதந்திரம் வந்த சமயத்தில் அதே அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவராகிவிட்டார். நான் இன்று ஓர் ஆசிரியையாக நிற்பது அவர் என்னைப் படிக்க வைத்ததால்தான்.

பீடி, வெற்றிலை என்று எந்தப் பழக்கமும் இல்லாத அண்ணனுக்குப் பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறு என்றால் பைத்தியம். விஞ்ஞானி, அரசர், கப்பலோட்டி என்று பேதமில்லாமல் படிப்பார். சாப்பிடும்போதும் இடது கையில் புத்தகம் இருக்கும். அண்ணன் மனைவி, என் மதினி, கேலி செய்வார்கள்: "உங்க அண்ணனுக்குத் தட்டுல என்ன குழம்புன்னு தெரியாது. செத்துப்போன ராசா என்ன தின்னாருன்னு கேளு, புட்டுப்புட்டு வைப்பாக."

நானும் ஒருமுறை, இதையெல்லாம் படித்து என்ன லாபம் என்று கேட்டேன். "அவுக மாலை வாங்குனதத் தெரிஞ்சுக்கிறதுக்கு சரித்திரம் எதுக்கு தாயி? அதுக்கு போட்டோ போதும். எங்கன சறுக்குனாக, சறுக்கின பிறகு என்ன செஞ்சாக, அதைத்தான் நான் பாக்கேன்" என்றார். ஒரு வரலாற்றில் சறுக்கலே இல்லையென்றால் அண்ணன் அதை மூடி வைத்துவிடுவார்.

தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த முதலாளி ஐயா ஒருவருக்கு அறுபது வயது நிறைந்தது. மணிவிழா மலரில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதும் பொறுப்பு அண்ணனுக்கு வந்தது. அந்தக் கம்பெனியில்தான் மதினி திரி சொருகும் வேலை பார்த்தார்கள். அதனால் வீட்டில் எல்லோருக்கும் இரட்டைச் சந்தோஷம்.

முதலாளி ஐயா அண்ணனை எதிரே உட்கார வைத்துத் தம் கதையைச் சொன்னார். தொழில் தொடங்கிய புதிதில் அவருக்கு இருந்தது பட்டாசு செய்யும் கொட்டகை ஒன்றுதான், செட்டு என்போம், அதற்கு ஒரே வாசல். ஒரு நாள் வாசல் பக்கம் இருந்த வெடிமருந்தில் தீப்பிடித்துக்கொண்டது. உள்ளே அவருடைய கூடப்பிறந்த தம்பி இருந்தார். வெளியே நின்ற இவரால் உள்ளே போகவும் முடியவில்லை, உள்ளே இருந்தவரால் வெளியே வரவும் வழியில்லை. தம்பியை எரித்த சாம்பல் ஆறுமுன் முதலாளி ஐயா ஒரு சத்தியம் செய்தார். இனித் தாம் கட்டும் எந்தச் செட்டுக்கும் எதிரெதிரே இரண்டு வாசல் இருக்கும், எவ்வளவு பெரிய ஆர்டர் வந்தாலும் பின்வாசலை ஒரு துரும்புகூட மறிக்காது என்பதுதான் அந்தச் சத்தியம். சொல்லும்போது அவர் குழந்தையைப் போல அழுதாராம். அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய காரியம் இதுதான் என்று அண்ணன் நினைத்தார். அதற்கென்று ஒரு முழுப் பக்கம் எழுதினார்.

அந்தச் சமயத்தில் கம்பெனியை நடத்தியது முதலாளி ஐயாவின் பிள்ளைகள். மெய்ப்பைப் பார்த்த மூத்தவர் அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். தாலி கட்டுற அன்னைக்கு எல்லார் கையிலயும் குடுக்கிற புஸ்தகம். அதுல சித்தப்பா கருகிச் செத்ததையா போடுவாக?"

"செத்ததுக்காகப் போடலை. அதுக்கப்புறம் அய்யா செஞ்சாகளே, அதுக்காகப் போட்டிருக்கேன்."

"நல்ல நாள்ல சாவுப் பேச்சு ஆகாது அண்ணாச்சி. எடுத்திருங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அன்று எல்லோரும் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மங்கல காரியத்துக்கான மலரில் இழவைப் பற்றி எழுதுவது நம்மவர்களில் வழக்கமில்லை. அண்ணன் முதலாளி ஐயாவிடமே போய்க் கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளைக சொல்றதும் நியாயந்தான தம்பி" என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்துக்குப் பதில் ஒரு வாழ்த்துப்பா வந்தது. மணிவிழா வெகு சிறப்பாக நடந்தது. வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு மலரை விசிறிக்கொண்டே வீடு திரும்பினோம்.

தீபாவளி சீசன் சூடு பிடித்தது. ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்த மதினி சாதாரணமாகத்தான் சொன்னார்கள்: "பின்வாசல்ல பெட்டி அடுக்கிட்டாக. லோடு ஏத்த லாரி வரலையாம். காத்தே வரலை, ஒரே புழுக்கம்."

அண்ணனின் முகம் செத்துவிட்டது. மறுநாள் முதலாளி ஐயாவின் பிள்ளைகளிடம் போய், அவர்கள் அப்பாவின் சத்தியத்தை எடுத்துச் சொன்னார். "அது அந்தக் காலம் அண்ணாச்சி. சீசன் முடியட்டும், எடுத்திருவோம்" என்றார்கள். மதினியிடம் வேலைக்குப் போகாதே என்றார். மதினி சிரித்தார்கள். "அம்புட்டுப் பேரும் அங்கனதான இருக்காக, எனக்கு மட்டும் என்ன?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். செட்டில் வேலை பார்த்த பெண்களுக்கும் அண்ணன் சொல்லிப் பார்த்தார். சத்தியமா, எந்தச் சத்தியம் என்று கேட்டார்கள். மலர் எல்லோர் வீட்டிலும் இருந்தது, ஆனால் அந்தப் பக்கம் அதில் இல்லையே.

ஒரு முற்பகலில் அச்சகத்தின் சன்னல்கள் அதிர்ந்தன. எங்கள் ஊரில் அந்தச் சத்தத்தைக் கேட்டு இடியா என்று யாரும் கேட்பதில்லை. வெளியே ஓடி வந்து புகை எந்தத் திசையில் எழுகிறது என்று பார்ப்பார்கள். எல்லோரும் வெளியே ஓட, அண்ணன் மட்டும் மெய்ப்பைப் பிடித்த கையோடு உட்கார்ந்திருந்தாராம். கூட வேலை பார்த்தவர்கள்தான் கைத்தாங்கலாகக் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

மதினியும் மற்றப் பெண்களும் பின்வாசல் பக்கம்தான் கிடந்தார்கள். அந்தக் கடைசி நேரத்தில் அந்தப் பெட்டிகளை அவர்கள் எப்படியெல்லாம் தள்ளியிருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் தூக்கம் வருவதில்லை.

காரியம் முடிந்த மறுநாள் முதலாளி ஐயா தள்ளாடிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "தம்பி, அந்தப் பக்கம் இருக்கா? அதை அச்சடிச்சு ஒவ்வொரு செட்டுலயும் ஒட்டணும்" என்றார்.

"கோத்த எழுத்தைப் பிரிச்சாச்சுய்யா. அதை வச்சுக் கல்யாணப் பத்திரிகை கூட அடிச்சாச்சு" என்றார் அண்ணன்.

முதலாளி ஐயா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அதிக நாள் அவர் இருக்கவில்லை. அவருடைய நினைவு மலரிலும் அந்தப் பக்கம் வரவில்லை. எழுதித் தரச் சொல்லி அண்ணனிடம்தான் வந்தார்கள். அவர் பேனாவைத் தொட மறுத்துவிட்டார். அதன் பிறகு யாருடைய வரலாற்றையும் அவர் எழுதவுமில்லை, படிக்கவுமில்லை. இரண்டாம் கல்யாணப் பேச்சை எடுத்தவர்களை வாசலோடு அனுப்பிவிட்டு, கைக்குழந்தையாக இருந்த மகளை வளர்த்து ஆளாக்கினார். கடைசியில் நெஞ்சுச் சளி முற்றி, மகளின் கையைப் பிடித்தபடியே அடங்கிப்போனார். என்னை வளர்த்தவர் அவர். அந்த வெறுமையை எனக்கு எழுதத் தெரியவில்லை.

இனி நன்றி சொல்ல வேண்டும். கடைசி நாட்களில் அண்ணனை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மிஷன் ஆஸ்பத்திரி சிஸ்டர்களுக்கு நன்றி. தூக்க வந்த தோள்களுக்கு நன்றி. தாயும் தகப்பனும் இல்லாத பெண் என்று இரக்கப்பட்டு, அண்ணன் மகளுக்கு அதே பட்டாசுக் கம்பெனியில் பேசி வேலை வாங்கிக் கொடுத்த உறவினர்களுக்கும் நன்றி. எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. என்னோடு வந்து படி என்று எவ்வளவோ சொன்னேன், கேட்க மாட்டேன் என்கிறாள். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாதாம்.

போன வாரம் காலையில் கம்பெனி வண்டிக்காக அவள் நின்றபோது, "உங்க செட்டுல பின்வாசல் தொறந்து கிடக்கா?" என்று கேட்டேன்.

சற்று யோசித்தாள். "பின்வாசலா? எங்க செட்டுல அப்படி ஒண்ணு இருக்கா அத்தை? பின்னால பூராம் பெட்டியில்ல அடுக்கிருக்கு" என்றாள்.

வண்டி வந்ததும் ஏறிப் போய்விட்டாள். உறவினர்களே, முதலாளி ஐயாவின் பிள்ளைகள் உங்கள் பேச்சைக் கேட்கிறார்கள். வேலை வாங்கிக் கொடுத்த அதே வாயால் அந்தப் பெட்டிகளை எடுக்கச் சொல்லுங்கள். இந்த மலரை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிறகு படிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். சாப்பிட்ட கையோடு போங்கள்.