நாத்தனார் ஊட்டிய பால்

அந்த வெள்ளிப் பாலாடை இன்னும் என் பீரோவில் இருக்கிறது. கைக்குழந்தைக்குப் பால் புகட்டும், மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். அதன் பக்கத்தில் ஒரு கதவுத் தாழ்ப்பாளும் இருக்கிறது. பாலாடையை வாங்கி வந்தவர் என் கணவரின் அக்கா. தாழ்ப்பாள் அங்கே வந்ததற்கும் அவர்தான் காரணம். எனக்கு மன்னிக்கத் தெரியவில்லை என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

மகள் பிறந்த கையோடு மஞ்சள் காமாலை முற்றி நான் வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். குழந்தையை ஆரணியில் நாத்தனார் வைத்துக்கொண்டார். அவருடைய மகன் அப்போது தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை. நான் திரும்பி வந்த அன்று, குழந்தையை மடியில் சாய்த்து, பாலாடையிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பசும்பால் ஊற்றிக்கொண்டிருந்தார். பிறகு எந்த விசேஷத்திலும் அதைச் சொல்லாமல் விட்டதில்லை. "என் பால் என் புள்ளைக்கே பத்தல. இதுல உன் பொண்ணுக்குப் பசும்பாலக் காய்ச்சி ஊத்திகினு கெடந்தேன். ஒரு சொட்டு உள்ள போறதுக்குள்ள பேஜாராயிடும் எனக்கு." எல்லோரும் சிரிப்பார்கள். நன்றியோடு நானும் சிரிப்பேன்.

அந்தப் பையனுக்கே என் மகளைப் பேசினோம். மாமி மகன், மார்க்கத்தில் தடையில்லை. பெண் கேட்டதும் அவர்தான், பெண்ணுக்குத் தரும் மஹர் எவ்வளவு என்று சொன்னதும் அவர்தான், நிக்காஹ் சேலைக்குத் தறிக்காரரிடம் அரக்கு நிறம் சொன்னதும் அவர்தான். சம்மதமா என்று மகளைக் கேட்டபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

அதற்குள் வேலூர்த் தோல் வியாபாரி ஒருவர் அந்தப் பையனுக்குத் தன் பெண்ணைக் கொடுக்க முன்வந்தார். நாத்தனார் வாக்கை முறித்தால் ஊர் ஏசும். மார்க்கமே தடுத்தால் யார் ஏசுவார்கள்? பள்ளிவாசல் அறையில் இமாமும் ஜமாஅத்தாரும் கூடியிருக்க, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "அந்தப் புள்ளைக்கு என் பால குடுத்துருக்கேன் ஹஜ்ரத். மறைச்சா நாளைக்கு அல்லாஹ்கிட்ட நான்தான பதில் சொல்லணும்?"

இரண்டு வயதுக்குள் ஒரு குழந்தை ஒருத்தியிடம் பால் குடித்தால் அவள் அதற்குத் தாய்; அவள் பிள்ளைகள் உடன்பிறப்புகள். அவர்களுக்குள் நிக்காஹ் ஆயுளுக்கும் ஹராம். ஒரு பெண்ணின் சொல் மட்டும் சாட்சியாகாது, ஆனாலும் சந்தேகம் வந்தபின் விலகுவதே மார்க்கப் பேணுதல் என்றார் ஹஜ்ரத். விசேஷங்களில் அவர் சொன்னதைச் சொல்லி, நான் பாலாடையைக் காட்டினேன். "சிரிக்கறதுக்குச் சொன்னதெல்லாம் கணக்கா? பாலாடை பேசுமா?" என்றார் நாத்தனார். "எங்கக்கா அல்லாஹ் பேரச் சொல்லிப் பொய் பேசாது" என்றார் என் கணவர். பையன் அம்மாவின் பின்னாலேயே எழுந்து போனான்.

மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள். கட்டிக்கொள்ள இருந்தவனை அண்ணன் என்று நினைக்கச் சொன்னால் ஒரு பெண் என்ன ஆவாள்? ஒரு மதியம் உள்ளே தாழிட்டுக்கொண்டு நெடுநேரம் குரல் கொடுக்கவில்லை. கதவை உடைத்துத்தான் திறந்தோம். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், வேறொன்றும் ஆகவில்லை. அன்றே அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றினேன்.

நாத்தனார் வீட்டுக்கு வந்த வேலூர் மருமகள் வாழப் பிடிக்காமல் தானே மணவிலக்கு கேட்டு, குலா வாங்கிப் பிரிந்துபோனாள். போன மாதம் நாத்தனார் மறுபடி பெண் கேட்டு வந்தார்.

"அன்னைக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன்மா. பசும்பால்தான். உனக்கே தெரியும்ல?"

"எனக்குத் தெரியும் அண்ணி. ஜமாஅத்துக்குத் தெரியாதே. எங்க சொன்னீங்களோ அங்கயே போய்ச் சொல்லுங்க."

"பள்ளிவாசல்ல பொய் சொன்னேன்னு என் வாயாலயே எப்படிம்மா சொல்றது?"

"அப்ப நீங்க குடுத்தது உங்க பால்தான்."

அவர் போய்ச் சொல்லியிருந்தாலும் பெண்ணைக் கொடுத்திருக்க மாட்டேன். சந்தவாசல் பையன் ஒருவனுக்கு அவளை நிச்சயம் செய்துவிட்டிருந்தோம். அதை நான் முதலில் சொல்லவில்லை. அவர் கெஞ்சி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். இனிப்பாக இருந்தது.

அப்போது மகள் தேநீரோடு வந்தாள். பேச்சு வந்த நாளிலிருந்து அவரை மாமி என்றே கூப்பிட்டவள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், அம்மா. அண்ணன் நல்லா இருக்காரா?"

நாத்தனாரின் கையிலிருந்த தேநீர் சாசரில் வழிந்தது.

"வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு நிக்காஹ்மா. பெத்தவங்க பக்கத்துல நீங்க ஒக்காரணும். சாட்சிக் கையெழுத்து அண்ணன்தான் போடணும்."

அதை நான் சொல்லித்தரவில்லை. அவளாகவே எத்தனை காலம் சேர்த்துவைத்திருந்தாளோ. தேநீரைக் குடிக்காமலே நாத்தனார் எழுந்து போனார்.

பாலாடையைத் துடைத்து பீரோவில் வைத்தேன். தாழ்ப்பாளைக் கையில் எடுத்தேன். இனி மாட்டிவிடலாம் என்றுதான் எடுத்தேன். உள்ளே மகள் யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். கதவுவரை போனேன். உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். திரும்பி வந்து அதைப் பாலாடையின் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.