அப்பாவிடம் நான் படித்த ஓராண்டு

எங்கள் தந்தையார் எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். அம்மாவும் அதைத்தான் கேட்டார். "அப்பாவைப் பத்தி எழுது, உன் கதைய எழுதி வைக்காத" என்பது அவருடைய கட்டளை. முயன்று பார்த்தேன். அப்பாவின் பொறுமையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் அற்பத்தனத்தைத் தொடாமல் ஒரு பத்திகூட நகரவில்லை. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது திருமங்கலத்தில். தாத்தா தபால் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். ஐந்து பிள்ளைகளில் அப்பா மூத்தவர். மதுரையில் அரசியல் விஞ்ஞானத்தில் எம்.ஏ. முடித்து, அங்கேயே ஒரு கல்லூரியில் பதினாறு ஆண்டுகள் விரிவுரையாளராகப் பணியாற்றினார். அம்மாவுக்கு நியூ ஜெர்சியில் நர்ஸ் வேலை கிடைத்தபோது, சுற்றத்தார் சிலர் "பொண்டாட்டி பின்னால போறியா?" என்று கேலி செய்தார்கள். அப்பா சிரித்துவிட்டு வேலையை ராஜினாமா செய்தார். தொண்ணூறில் நாங்கள் மூவரும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஓர் அபார்ட்மென்டுக்கு வந்து சேர்ந்தோம். எனக்குப் பதின்மூன்று வயது.

கல்லூரியில் பாடம் நடத்தியவர் முதல் இரண்டு வருடம் பெட்ரோல் பங்கில் கல்லாவில் உட்கார்ந்தார். மாலை வகுப்பில் படித்து ஆசிரியர் தகுதிச் சான்று வாங்கினார். அதன்பிறகும் உடனே நிரந்தர வேலை இல்லை. ஏதாவது ஒரு பள்ளியில் யாராவது லீவு போட்டால் அவருக்குப் பதிலாகப் பாடம் எடுக்கக் கூப்பிட்டு காலை ஆறு மணிக்குப் போன் வரும். அப்பா டை கட்டிக்கொண்டு அந்தப் போனுக்காகக் காத்திருப்பார். வராத நாட்களிலும் டையைக் கழற்ற எட்டு மணி ஆகும். இந்திய அரசியல் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர், நாற்பத்தெட்டு வயதில் அமெரிக்க அரசியல் சட்டத்தைச் சமையலறையில் நின்றபடி மனப்பாடம் செய்தார்.

கடைசியில் ஒரு பள்ளி அவரை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. அது நான் படித்த பள்ளி. நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பாடம், அமெரிக்க அரசாங்கம். அதை நடத்த அப்பா ஒருவர்தான் இருந்தார். என் அட்டவணையில் அது ஆறாவது பீரியடாக வந்து விழுந்தது. பள்ளி அலுவலகத்துக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் எனக்குத்தான்.

மூன்று வருடம் பாடுபட்டு நான் அந்தப் பள்ளியின் அமெரிக்கப் பையன்களில் ஒருவனாக ஆகியிருந்தேன். பேச்சை மாற்றியிருந்தேன், சாப்பாட்டை மாற்றியிருந்தேன், தலை வாருவதைக்கூட மாற்றியிருந்தேன். எல்லாம் ஒரே நாளில் போய்விடும் என்று பயந்தேன்.

இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவே பேச்சை எடுத்தார். "உனக்குச் சங்கடமா இருந்தா வேற கோர்ஸ் மாத்திக்கலாம்ப்பா. நான் ஆபீஸ்ல பேசறேன்."

"வேண்டாம். கோர்ஸ் எடுத்துக்கறேன். ஆனா நீங்க என் அப்பானு அங்க யாருக்கும் தெரிய வேண்டாம். ப்ளீஸ்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "பெத்த அப்பாவ சாருன்னு கூப்பிடப் போறியா? வாய் கூசாது உனக்கு?"

"விடும்மா. அவன் சொல்ற வரைக்கும் நான் சொல்லமாட்டேன். சரிதானப்பா?" என்றார் அப்பா.

இப்படி ஒரு பொய் நிற்குமா என்று கேட்பீர்கள். நம் வழக்கமே அதற்குக் கைகொடுத்தது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தாத்தாவின் பெயர் அப்பாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது, அப்பாவின் பெயர் என்னோடு ஒட்டிக்கொண்டது. அமெரிக்கப் பதிவேட்டில் கடைசியில் நிற்பதுதான் குடும்பப் பெயர். ஆக அப்பா ஒரு குடும்பம், நான் வேறொரு குடும்பம். பள்ளியில் அவரைத் தாத்தாவின் பெயரால் கூப்பிட்டார்கள். என்னை அப்பாவின் பெயரால் கூப்பிட்டார்கள். அப்பாவின் பெயரைப் போட்டுக்கொண்டே அப்பாவை மறைத்தவன் நான்.

முதல் நாள் அப்பா வகுப்புக்குள் வந்து, வணக்கம் சொல்லி, மேஜைக்குப் பின்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். எதற்கு நிற்கிறார் என்று எனக்கு மட்டும் புரிந்தது. மாணவர்கள் எழுந்து நிற்பார்கள் என்று காத்திருக்கிறார். பதினாறு வருடப் பழக்கம். இருபத்தாறு பேரும் சாய்ந்து உட்கார்ந்தபடி அவரைப் பார்த்தார்கள். எனக்கே தெரியாமல் நான் பாதி எழுந்துவிட்டேன். உடனே நாற்காலியை இழுத்துப் போடுவதுபோல நடித்து உட்கார்ந்தேன். அப்பா ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, சாக்பீஸை எடுத்துக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

காலையில் இருவரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே பள்ளிக்குக் கிளம்புவோம். அவர் காரில், நான் பஸ்சில். சில நாள் சிக்னலில் அவருடைய பழைய டொயோட்டா பஸ்சுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பக்கத்து இருக்கையில் பரீட்சைத் தாள்களின் பை இருக்கும். அவர் மேலே பார்த்ததில்லை. மதியம் அவர் ஆசிரியர்கள் அறைக்குப் போகமாட்டார். வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டப்பாவில் கொண்டுபோன தயிர் சாதத்தைத் தனியாகச் சாப்பிடுவார். கதவில் சின்னக் கண்ணாடி உண்டு. ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது அவர் நிமிர்ந்தார். இருவரும் பார்த்துக்கொண்டோம். அவர் கையைத் தூக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி குனிந்துகொண்டார். என்னோடு இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். நான் நிற்காமல் போனேன்.

வீட்டிலும் அவர் சொன்ன சொல் மாறவில்லை. ஒருமுறை பரீட்சையில் எனக்கு 'பி' கிரேடு போட்டிருந்தார். "ஏம்ப்பா, இந்த ஆன்சர்ல என்ன தப்பு?" என்று சோபாவில் வைத்துக் கேட்டேன். "அத ஸ்கூல்ல வந்து உங்க சாரக் கேளு" என்றார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வருடம் வீட்டில் கேட்ட நல்ல சிரிப்பு அது ஒன்றுதான்.

செப்டம்பரில் கெவின் என்ற பையன் சாப்பாட்டு ஹாலில் மேஜைமேல் ஏறி நின்று அப்பாவைப் போலப் பேசிக் காட்டினான். அப்பாவின் உச்சரிப்பு, தலையாட்டல், பேச்சுக்கு நடுவே தொண்டையைச் செருமுவது, எல்லாம் அச்சாக இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன். இந்த ஒரு வரியை எழுதுவதா வேண்டாமா என்றுதான் ஓராண்டாக யோசித்துக்கொண்டிருந்தேன். சில வாரங்களில் கெவின் அதை நிறுத்திவிட்டான். அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வசந்த காலத்தில் ஒரு நாள் அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தம் பற்றிய பாடம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அப்பா விளக்கிக்கொண்டிருந்தார். கெவின் கையைத் தூக்கி, "சார், உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டான். நான் நோட்டுக்குள் குனிந்துகொண்டேன். அப்பா சாக்பீஸைக் கீழே வைத்தார். "ஐந்தாம் திருத்தத்தின்படி பதில் சொல்ல மறுக்கிறேன்" என்றார். வகுப்பே அதிரச் சிரித்தது. தப்பித்தோம் என்று நானும் மூச்சுவிட்டேன்.

அதன்பின் கல்லூரிக்கு டெக்ஸாஸ் போனேன். அங்கேயே வேலை கிடைத்து டாலஸ் பக்கத்தில் ஆலன் என்ற ஊரில் தங்கிவிட்டேன். ஞாயிறுதோறும் போன் செய்வேன். அந்த வருடத்துக்காக ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது தொண்டைவரை வரும். டாலஸ் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஐந்து வருடம் போனது. அம்மா மருத்துவமனையில் பணியில் இருந்த ஒரு மாலை, அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. வீட்டில் யாரும் இல்லை. நான் விமானத்தைவிட்டு இறங்கியபோது அப்பா உயிரோடு இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமலே இருந்துவிட்டேன். இனி யாரிடம் கேட்பது?

உடலைப் பார்வைக்கு வைத்திருந்த இடத்தில், அப்பாவின் பழைய மாணவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஆறாவது பீரியடில் என் வரிசையில் உட்கார்ந்திருந்த ரேச்சலும் வந்தாள். வேட்டி கட்டிக்கொண்டு அம்மா பக்கத்தில் நின்ற என்னைக் கட்டிக்கொண்டாள். நான் ஆங்கிலத்தில், "ரேச்சல், உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், இவர் என் அப்பா" என்றேன்.

"தெரியும். எங்கள் எல்லோருக்கும் அப்போதே தெரியும்" என்றாள்.

அப்பா தன் எம்.ஏ. பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வகுப்பறைக் கதவருகே மாட்டியிருந்தாராம். அதில் தாத்தாவின் பெயரோடு, என் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த அவருடைய சொந்தப் பெயரும் இருந்தது. அக்டோபரில் ரேச்சலும் கெவினும் அதைப் படித்துவிட்டு, மதியம் நேரே அவரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். அப்பா சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு, "என் மகன்தான். அவனாகச் சொல்லும்வரை உங்களுக்குத் தெரியாது. எனக்காக இந்த உதவியைச் செய்ய வேண்டும்" என்று கேட்டுக்கொண்டாராம். வகுப்பு முழுவதும் அதைக் காப்பாற்றியிருக்கிறது. அத்தனை பேருக்கும் தெரியும் என்பது தெரியாதவன் அந்த அறையில் நான் ஒருவன்தான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அப்பாவின் கதவைத் தட்டிப் பார்த்து ஆம்புலன்சைக் கூப்பிட்ட பக்கத்து வீட்டு அங்கிள், பத்து நாள் எங்கள் வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்த ஆன்ட்டிகள், விசா கிடைக்காமல் திருமங்கலத்திலேயே காரியம் செய்த சித்தப்பா, அம்மாவின் ஷிஃப்டுகளைத் தாங்களாகவே எடுத்துக்கொண்ட சக நர்ஸுகள், எல்லோருக்கும் அம்மாவின் சார்பிலும் என் சார்பிலும் கைகூப்பி நன்றி.

தமிழ் படிக்கத் தெரியாத அந்த ஆறாவது பீரியடுக்கும் என் நன்றி. கிளம்பும்போது ரேச்சல் ஒன்று சொன்னாள். ஜூன் மாதம், கடைசி வகுப்பு. அன்றாவது நான் சொல்லிவிடுவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்களாம். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லையாம். அப்பாவும் புத்தகத்தை மூடிவிட்டு மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தாராம்.

அது எதுவும் எனக்குத் தெரியாது. மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வெளியே போனவன் நான்.