லொறியின் முதுகில் ஒரு புதுக்கார்

பழுதான வண்டிகளை இழுத்துவரும் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு: வண்டிக்காரர்கள் நம்மை எதிர்பார்த்து நிற்பதுபோல ஆவலோடு வேறு யாரையும் எதிர்பார்த்து நிற்க மாட்டார்கள், வந்து சேர்ந்தபின் நம்மோடு எரிந்துவிழுவதுபோல வேறு யாரோடும் எரிந்துவிழவும் மாட்டார்கள்.

எண்பதுகளில் சுவிஸின் வின்டர்தூர் நகரில் ஒரு கராஜில் எனக்கு அந்த வேலை. ஊரில் தமிழிலும் ஆங்கிலத்திலுமாகப் படித்த படிப்பை ஓரமாக வைத்துவிட்டு, செம்மஞ்சள் மேலங்கியை மாட்டிக்கொண்டு, லொறியில் முதலாளிக்குப் பக்கத்தில் ஏறி உட்காருவேன். முதலாளியை எல்லோரும் மைஸ்ரர் என்றுதான் கூப்பிடுவோம். பழைய கார் நின்றால் அதன் சில்லுக்கு ஒரு உதை கொடுத்துவிட்டு மனுசர் ஆறிவிடுவார்கள். புதுக்கார் நின்றால்தான் கட்டிய மனைவி கைவிட்டுப் போனதுபோல இடிந்துபோவார்கள். ஊர் திரும்பி இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்த முகங்கள் எனக்கு மறக்கவில்லை. புதுக்காரோடு நடுத்தெருவில் நின்ற அன்பர்களே, இது உங்களுக்காகத்தான்.

கடைசியாகக் கை வைத்தது யார்?

ஒரு சுவிஸ் அம்மாவின் கார். இருக்கைகளில் பிளாஸ்ரிக் உறைகூடக் கழற்றவில்லை. சாவியைத் திருப்பினால் இருமுகிறது, பிடிக்கவில்லை. "புதுக்கார்! புதுக்கார்!" என்று அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிக் குற்றஞ்சாட்டினார். மைஸ்ரர் பொனற்றைத் திறக்கும்முன் எப்போதும் கேட்கும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "இதில் கடைசியாகக் கை வைத்தது யார்?"

யாருமில்லையாம். திறந்து பார்த்தால் எஞ்சின் பளபளவென்று மின்னுகிறது, எல்லா இடுக்கிலும் தண்ணீர். அம்மா தோட்டத்துக் குழாயைப் பிடித்து எஞ்சினைக் கழுவியிருக்கிறார். தலைமயிர் உலர்த்தும் கருவியை அவரிடமே வாங்கி, நான் வயர்களையெல்லாம் காயவைத்தேன். கார் புறப்பட்டது. அம்மாவுக்குக் கோபம் தீரவில்லை.

"என்ர அடுப்பை ஒவ்வொரு கிழமையும் கழுவுறன். அது ஒருநாளும் இப்படிக் கோவிச்சுக்கொண்டதில்லை."

அப்வார்ட்டின் சட்டம்

என் நண்பன் குலம் வில் நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். ஊரிலிருந்து மனைவி மலரைக் கூப்பிட அனுமதி கிடைத்த கையோடு ஒரு கார் வாங்கினான். யாரோ ஒருவர் சில மாதம் மட்டும் ஓடிவிட்டுக் கொடுத்தது. உள்ளே இன்னும் புது வாசம். நாலு வருஷமாகக் காணாத மனைவியைச் சொந்தக் காரில் ஏற்றி வரவேண்டும், அவ்வளவுதான் அவனுடைய கனவு. "கார் வாங்கியாயிற்று" என்று அவளுக்குக் கடிதமும் போட்டுவிட்டான்.

அவள் வருவதற்கு முதல்நாள் காருக்குப் பூசை. சந்தனம், குங்குமம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நாலு சில்லுக்கும் அடியில் தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, வைத்து ஏற்றி நசிக்கப்போகும் நேரம் பார்த்து அப்வார்ட் வந்துவிட்டான். அப்வார்ட் என்றால் மாடிக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளன். அவன் கூட்டித் துடைத்த தரையில் ஒரு துளி சாறு விழக்கூடாது. குலம் தேசிக்காய்களைப் பொறுக்கிக்கொண்டு போய், இரவு எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

"அவன் நசிக்க விடேல்லை, மச்சான். பரவாயில்லை, நான் வேறை ஒரு வழி பார்த்திட்டன்."

நெடுஞ்சாலையிலிருந்து ஒரு அழைப்பு

மறுநாள் கோடை விடுமுறை தொடங்கும் சனிக்கிழமை. சூரிச் பக்கம் போகும் நெடுஞ்சாலையில் கார்கள் எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்தன. அவசரத் தொலைபேசியில் யாரோ கூப்பிட்டதாகப் பொலிஸ் எங்கள் கராஜுக்குத் தகவல் தந்தது. மைஸ்ரர் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

"புதுக்காராம், ஆவி பறக்குதாம். ஆள் கத்தினதில விமான நிலையம் எண்ட ஒரு சொல்லு மட்டும்தான் பொலிசுக்கு விளங்கினதாம். ஏன் உன்ர முகம் இப்பிடி வெளிறுது?"

கட்டலோக்கில் இல்லாத சாமான்

குலம் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, மலருக்கென்று வாங்கிய றோசாப்பூங்கொத்தால் றேடியேற்றருக்கு விசிறிக்கொண்டு நின்றான்.

"மச்சான், பிளேன் இறங்கியிருக்கும்! கூப்பிட ஒருத்தரும் வரேல்லை எண்டால் அவளைத் திருப்பி ஏத்திப்போடுவாங்கள்!"

"விசா குடுத்தவங்கள் ஏன்ரா ஏத்திறாங்கள்?"

"உனக்கென்ன தெரியும்? அவளுக்குப் பாஷை தெரியாது. கையில என்ர விலாசம் மட்டும்தான் இருக்கு, அதுவும் என்ர எழுத்தில. அதை நானே வாசிக்கமாட்டன்!"

மைஸ்ரர் தன் கேள்வியைக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். "ஒருத்தரும் கை வைக்கேல்லை" என்றான் குலம். பிறகு அவன் பார்வை மெல்லப் பூங்கொத்துக்குள் போய் ஒளிந்தது. "பூசைக்குத்தான் ஒருக்காத் திறந்தனான்."

மைஸ்ரர் டோர்ச்சை அடித்து, நீண்ட குறடை உள்ளே விட்டார். றேடியேற்றர் விசிறிக்கும் அதன் சட்டத்துக்கும் இடையிலிருந்து, சப்பிப்போன ஒரு தேசிக்காய் வந்தது. பற்றறிக்குப் பக்கத்தில் இன்னொன்று. தேடத்தேட, நாலும் வந்தன.

"நிலத்தில வைக்கக்கூடாது எண்டுதானே அப்வார்ட் சொன்னவன்" என்றான் குலம். "அதுதான் எஞ்சினுக்கு நாலு மூலையிலையும் வச்சனான். உள்ளுக்கு வச்சால் இன்னும் விசேஷம் எண்டு நினைச்சன்."

ஓடும்வரை காற்றே எஞ்சினைக் குளிர்வித்திருக்கிறது. நெரிசலில் நின்றதும் விசிறி சுழலப் பார்த்திருக்கிறது. தேசிக்காய் விடவில்லை, பியூஸ் போய்விட்டது. இதையெல்லாம் நான் குலத்துக்கு விளக்கி, நசிக்கும் சாஸ்திரத்தை மைஸ்ரருக்குச் சொல்லி முடிக்கும்வரை அவர் அந்தத் தேசிக்காயை வெளிச்சத்தில் திருப்பித்திருப்பிப் பார்த்தார்.

"கட்டலோக் முழுக்க எனக்குப் பாடம். இந்தச் சாமானுக்கு நம்பரே இல்லையே!"

தவறவிட்ட திருப்பம்

எஞ்சின் ஆறும்வரை தண்ணீர் ஊற்ற முடியாது. ஆறும்வரை நிற்க நேரமில்லை. காரை லொறியின் முதுகில் ஏற்றிக் கட்டினோம். கராஜின் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்: இழுத்த கார் நேரே கராஜுக்கு, ஆள் ரயிலில். மைஸ்ரர் அந்தச் சட்டத்தைத் தன் தங்கைக்கே மாற்றாத மனுசன். எங்கள் இருவருக்கும் நடுவில் பூங்கொத்தோடு நெருக்கி உட்கார்ந்திருந்த குலம், கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வின்டர்தூருக்குத் திரும்பும் வழி வந்தது. மைஸ்ரர் சிக்னல் போடவில்லை. நேரே போனார்!

குலம் என் தொடையைக் கிள்ளினான். நான் மைஸ்ரரைப் பார்த்தேன். அவர் வீதியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"திருப்பத்தைத் தவறவிட்டிட்டன். இனி விமான நிலையத்திலதான் திருப்பலாம். கெட்டியாப் பிடியுங்கோ."

வருகை வாசல்

வருகை வாசலுக்கு நேர் முன்னால் லொறியை நிறுத்தினார். ஒரு பொலிஸ்காரன் விசில் அடித்துக்கொண்டு ஓடிவந்தான். அவனை மைஸ்ரரிடம் ஒப்படைத்துவிட்டு நாங்கள் உள்ளே ஓடினோம். பயணிகள் எல்லோரும் போய்விட்டார்கள். கடைசி வாங்கில், கொதிக்கிற வெயில் நாளில், கம்பளிச் சட்டையும் கழுத்துச் சால்வையுமாக வியர்த்து ஒழுக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "சுவிஸ் குளிர்" என்று குலம் எழுதியதை அவள் அப்படியே நம்பியிருக்கிறாள். பக்கத்தில் ஒரு உத்தியோகத்தர் அவள் நீட்டிய கடதாசியைத் தலைகீழாகவும் பிடித்து வாசிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியெல்லாம் பறந்த குலம் அவளுக்கு நாலடி இப்பால் அப்படியே நின்றுவிட்டான். ஆவியில் வெந்த றோசாக்களை நீட்டினான். அவள் வாங்கினாள். அழுதாள். அழுதுகொண்டே வெளியே வந்தவள், மஞ்சள் விளக்குச் சுழலும் லொறியையும் அதன் முதுகில் சந்தனப் பொட்டோடு சவாரி செய்யும் காரையும் கண்டதும் அழுகையை நிறுத்தினாள்.

"இஞ்சாருங்கோ, கார் வாங்கினனான் எண்டுதானே எழுதினீங்கள்? லொறியும் வாங்கினதைச் சொல்லவேயில்லை!"

கைப்பையிலிருந்து

திரும்பும் வழியில் லொறியில் இடமில்லாமல் நாலு பேரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு வந்தோம். மலர் வெட்கத்தோடு கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றிய எதையோ எடுத்து என்னிடம் நீட்டினாள். "அண்ணை, இதை இவரிட்டைக் குடுங்கோ. புதுக்காருக்கெண்டு கோயில்ல வச்சுக் கொண்டந்தனான்."

சுற்றை அவிழ்த்தேன். நல்ல மஞ்சளாக ஒரு தேசிக்காய். குலம் யன்னலால் வெளியே பார்த்தான். அதுவரை சிரித்தே நான் கண்டிராத மைஸ்ரர், லொறி குலுங்கச் சிரித்தார்.

"அதை அந்தப் பிள்ளையே கையில வச்சிருக்கட்டும். பொனற்றைத் திறந்தால் உங்கள் எல்லாரையும் ரயிலில ஏத்துவன்!"

ஆகவே அன்பர்களே, புதுக்கார் நின்றுவிட்டதே என்று மனமுடையாதீர்கள், கடைசியாகக் கை வைத்தது யாரென்று மைஸ்ரர் கேட்கும்போது பூசையைச் சாட்டிக் கடவுளைமட்டும் காட்டிக்கொடுக்காமலிருந்தால் போதும்.