சுபாவின் படத்தில் நான் நிமிர்த்திய தோள்

ஹீட்டரில் காயும் ஈரக் கையுறைகளின் மணமும் சீவிய பென்சிலின் மணமும் கலந்து வரும்... சுபா வீட்டுச் சமையலறை என்றால் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும்.

நோர்வேயில், ஒஸ்லோவின் பியோர்ண்டால் பகுதியில் எங்கள் இரண்டு வீடும் அடுத்தடுத்த கட்டடம். சுபா என் வகுப்புத் தோழி. சனிக்கிழமை மத்தியானம் தமிழ்ப் பள்ளி முடிந்ததும் அவள் வீட்டு மேசையில் போய் உட்கார்ந்துவிடுவோம். இருவருக்கும் கதாபாத்திரங்களைப் படமாகக் கீறுகிற பைத்தியம்.

ஒருத்தி கீறியதை மற்றவள் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். எங்களுக்குள் ஒரே ஒரு விதி. படத்தின் மேல் கை வைக்கக் கூடாது. அவள் அம்மா கேக் சுடுகிற பேக்கிங் பேப்பரில் ஒரு துண்டு கிழித்து, படத்தின் மேல் வைத்து, அதில்தான் திருத்தம் கீறிக் காட்டலாம். பிடிக்காவிட்டால் அதைக் கசக்கி எறிந்துவிடலாம்.

பள்ளிப் படிப்பின் கடைசி வருடம். இருவரும் ஒரே ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இருந்தோம். படங்கள் அனுப்ப இன்னும் ஒரு கிழமை, ஏழே நாள்தான் இருந்தது.

அன்று முதலில் என் படம். காற்றில் கூந்தல் பறக்க, வாளோடு பாய்கிற ஒரு பெண். ஒரு மாதமாகக் கீறியது. சுபா நெடுநேரம் பார்த்தாள்.

"வடிவா இருக்கிறாள். ஆனா இவள் ஆரெண்டு தெரியேல்லையடி... வாளை எடுத்திட்டா என்ன மிச்சம்?"

சிரித்துச் சமாளித்தேன். உள்ளுக்குள் சுட்டது. அவள் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கூடச் சுட்டது.

பிறகு அவள் தன் படத்தை என் பக்கம் நகர்த்தினாள். பெரிய றப்பர் சப்பாத்து, பிளாஸ்டிக் ஏப்ரன், கையில் மீன் வெட்டுகிற கத்தி. மீன் தொழிற்சாலையில் நிற்கிற ஒரு தமிழ்ப் பெண். வலது தோள் நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. களைத்த முகம்... ஆனால் யாருக்கும் பயப்படாத முகம்.

அது நல்ல படம் என்று பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தோள் பிழை சுபா. ரெண்டும் ஒரு மட்டத்திலை இருக்கவேணும்."

பேக்கிங் பேப்பர் கையெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. நான் கறுப்புப் பேனையை எடுத்தேன். அவளுடைய படத்தின் மேலேயே, அந்தத் தோளை நிமிர்த்தி ஒரு கோடு இழுத்தேன்.

"பேனையாலையோ?"

அவ்வளவுதான் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து அவள் அம்மா தேத்தண்ணி கொண்டு வந்தார். ஒஸ்லோவுக்கு வருமுன் பல வருடம் வடக்கே மீன் தொழிற்சாலையில் நின்று வேலை செய்தவர். குனிந்து கோப்பையை வைத்தபோதுதான் பார்த்தேன். அவருடைய வலது தோள் இறங்கியிருந்தது. அந்தப் படத்தில் இருந்தது போலவே.

எத்தனையோ சனிக்கிழமை அந்தக் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்திருக்கிறேன். கவனித்ததே இல்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சுபா விண்ணப்பிக்கவில்லை. "இந்த முறை விடுவம், அடுத்த வருசம் பாப்பம்" என்றாள். அடுத்த வருடம் தாதிப் படிப்புக்கு ஸ்தவாங்கர் நகருக்குப் போய்விட்டாள். எனக்கு இடம் கிடைத்தது. இன்று சிறுவர் புத்தகங்களுக்குப் படம் கீறித்தான் வாழ்கிறேன்.

போன மாதம் சுபா தன் அம்மாவின் பிறந்தநாள் புகைப்படம் ஒன்று அனுப்பியிருந்தாள். அதே இறங்கிய தோளைப் பார்த்துவிட்டு இருக்க முடியவில்லை. ஃபோன் எடுத்துக் கதைத்தேன்.

"சுபா, நான் உன்ரை படத்திலை பேனையாலை கீறினது ஞாபகம் இருக்கோ?"

"ஓம்."

"அந்தத் தோள் பிழையில்லை. அம்மா தேத்தண்ணி கொண்டந்து வைக்கேக்கையே எனக்கு விளங்கிட்டுது."



"அண்டைக்கே விளங்கினதோ?"

"ஓம்..."

"நான் இவ்வளவு காலமும், நீ உண்மையாத்தான் சொன்னனீ எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். அம்மாவைத் தினமும் பாத்தும் எனக்குக் கீறத் தெரியேல்லை எண்டுதான் படம் கீறுறதையே விட்டனான்." ஒரு மூச்சு விட்டாள். "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமடி."

கோபம் இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பிறகு என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

இப்போது நான் இணையத்தில் படம் போட்டால் நிமிடத்தில் இதயக்குறிகள் விழுகின்றன. "சூப்பர் அக்கா" என்று எழுதுகிறார்கள். சந்தோஷம்தான்.

ஆனால் என் படத்தை உண்மையாகப் பார்த்து, எனக்கு நோகும் என்று தெரிந்தும் உள்ளதைச் சொல்ல ஒருத்தி இருந்தாள். அதற்குப் பிறகு அப்படி ஒருவரும் எனக்குக் கிடைக்கவில்லை.